மாப்பிள்ளை வாட்ச்

என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை கேட்டது ஒன்றே ஒன்றுதான். கைக்கடிகாரம். மோதிரம் வேண்டாம், சைக்கிள் வேண்டாம், பட்டு வேட்டிகூடத் தன்னிடம் ஒன்று இருக்கிறது என்றுவிட்டார். அந்த ஒன்றையும் ஒழுங்காகச் செய்யத் துப்பில்லாத குடும்பம் எங்களுடையது. இதை அப்பாவின் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். அதனால் இங்கே சொல்வதிலும் எனக்குக் கூச்சமில்லை.

அறுபத்தெட்டாம் வருஷம் அது. நாங்கள் போர்ட் பிளேரில் லம்பா லைனில் குடியிருந்தோம். அப்பா ஜம்புலிங்கத்துக்கு மர மில்லில் வேலை. அறுத்து வரும் பலகைகளை அளந்து எழுதுவார். மதுரைப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து பதினைந்து வருஷமாகியிருந்தது. மெயின்லேண்டில் சீந்துவாரில்லாமல் இருந்த மனிதர், இங்கே கோயில் கமிட்டியில் ஓர் ஆள், யார் வீட்டு விசேஷத்திலும் முன்வரிசை. அந்த முன்வரிசையைக் காப்பாற்றுவதுதான் அவருடைய முழுநேர வேலை. மரம் அளப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மாப்பிள்ளை கோவிந்தராஜுக்குக் கடலில் முங்குகிற வேலை. ராமநாதபுரம் கடற்கரையில் சங்கு குளித்து வளர்ந்தவர். பிறகு மெட்ராஸ் துறைமுகத்தில், முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்கக் கற்றுக்கொண்டார். யுத்தத்தில் மூழ்கிய கப்பல் ஒன்று எங்கள் துறைமுகத்துக்கு வெளியே கிடந்தது. அதிலிருந்து செம்பும் பித்தளையும் எடுக்க ஒரு காண்ட்ராக்டர் அவரை இங்கே கூட்டிவந்திருந்தார். பெற்றவர்கள் ஊரில் இருந்ததால் பேச வேண்டியதை அவரே வந்து பேசினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கைக்குட்டையில் எதையோ சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். நான் உள்ளே கதவு மறைவில் நின்றேன். பிரித்து அப்பாவின் முன்னால் வைத்தார். கருப்பு முகம், கருப்பு ரப்பர் பட்டை, தடித்த எஃகு உடம்பு. பார்க்க ஏதோ இயந்திரத்திலிருந்து கழன்று விழுந்த சாமான் மாதிரி இருந்தது.

"மெட்ராஸ் கப்பல்ல வேலை பாக்குற ஒரு சமையல்காரர்கிட்ட இருந்தது மாமா. இருநூத்தி இருபது சொல்றார். கப்பல் புதன்கிழமை கிளம்புது. அதுவரைக்கும் வச்சுப் பாத்துட்டுச் சொல்லச் சொன்னார்."

"பழசா?" என்றார் அப்பா.

"பழசுதான். புதுசு வாங்கினா ஆயிரத்துக்கு மேல போகும். அது நமக்கு வேணாம். உள்ள இருக்கிறது சரியா இருந்தாப் போதும். இங்க பாருங்க, பின்மூடி திருகு மூடி. பாட்டில் மூடி மாதிரி இறுகும். சாவி குடுக்குற குமிழையும் திருகி அடைச்சிரலாம்." முகத்தைச் சுற்றியிருந்த வளையத்தைத் திருப்பிக் காட்டினார். "இறங்குறப்ப இந்தப் புள்ளியை நிமிஷ முள்ளுக்கு நேரா வச்சிட்டா, பெறகு கணக்கே போட வேணாம். முள் எவ்வளவு தள்ளிப் போயிருக்குன்னு பாத்தாப் போதும்."

பிறகு அதை இரண்டு கைகளுக்குள் பொத்தி, அப்பாவை எட்டிப் பார்க்கச் சொன்னார். அப்பா ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். முட்கள் பச்சையாக மின்னுகின்றன என்று அம்மாவிடம் பிற்பாடு சொன்னார். அதைச் சொல்லும்போது அவருக்கும் ஆச்சரியமாகத்தான் இருந்தது.

"தண்ணிக்குள்ள வாட்ச் எதுக்குப்பா? மேல வந்து பாத்துக்கிட்டா ஆகாதா?"

கோவிந்தராஜ் சிரிக்கவில்லை. "பதினாறு பாகம் ஆழம் மாமா. ஒரு பாகம்னா ஆறடி. அங்க இருபத்தஞ்சு நிமிஷத்துக்கு மேல இருந்துட்டு நேரா ஏறினா, ஒடம்புக்குள்ள காத்து குமிழ் குமிழாக் கட்டிக்கும். கை கால் விழுந்துரும். ஆளே போனாலும் போயிருவான். கீழ இருக்கிறவனுக்கு அஞ்சு நிமிஷம் எது, அரை மணி எதுன்னு தெரியாது. எனக்கு இத்தன வருஷம் ஆயும் தெரியல."

"பஜார்லயே வாட்டர்ப்ரூஃப்னு போட்டு விக்கிறானே."

"அது மழைக்குத் தாங்கும், கை கழுவினாத் தாங்கும். ஆழத்துக்குத் தாங்காது மாமா."

இவ்வளவையும் நான் கேட்டேன். ஒரு சொல் விடாமல் கேட்டேன். காதில் விழவில்லை என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியே இல்லை.

மறுநாள் சாயங்காலம் அப்பா அபர்டீன் பஜாரிலிருந்து சிவப்பு வெல்வெட் பெட்டி ஒன்றோடு வந்தார். உள்ளே தங்க முலாம் போட்ட வாட்ச். தங்க நிறச் சங்கிலி, வெள்ளை முகம், அதில் குட்டிக் குட்டித் தங்கக் கோடுகள். இருநூற்று முப்பத்தைந்து ரூபாய். பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்று கடைக்காரர் கொடுத்தனுப்பியிருந்தார். "ஏக்தம் பக்கா மால், பாபுஜி. தாமாதுக்கு, அதான் மாப்பிள்ளைக்குப் போட்டா ராஜா மாதிரி இருக்கும்" என்றாராம்.

அம்மா தாம்பாளத்தை எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். என் அம்மா விசாலாட்சி நல்லவள்தான். ஆனால் தாம்பாளத்தில் வைத்த பிறகு எந்தப் பொருளையும் வேறு கண்ணால் பார்க்க அவளுக்குத் தெரியாது.

"முகூர்த்த நேரத்துல கருப்பு வாட்சையா எடுத்துக் கட்டுவாங்க? அதுவும் எவனோ ஒரு கப்பல்காரன் கையில கெடந்தது. அவன் இருக்கானோ செத்தானோ."

"சமையல்காரன் உயிரோடதான் இருக்கான். கப்பல் புதன்கிழமை கிளம்புதாம்" என்றார் அப்பா, பெரிய ஹாஸ்யம் சொன்னவர் மாதிரி. பிறகு குரலை மாற்றிக்கொண்டார். "தண்ணிக்கடியில யாரு பாக்கப் போறா? மீனா வந்து பாக்கப் போகுது? மணவறையில நானூறு பேர் பாப்பான். ஜம்புலிங்கம் மாப்பிள்ளைக்கு இரும்புத் துண்டைக் கட்டினான்னு சிப்பிகாட் வரைக்கும் பேசுவான்."

"நாம பேசி என்ன. போட்டுக்கப் போறவன் அவ புருஷன். நீ சொல்லு ஜெயமணி" என்றாள் அம்மா.

எனக்குப் பத்தொன்பது வயது. கல்யாணத்துக்கு போட்டோ ஸ்டூடியோக்காரர் வருவார் என்று பேசி முடித்திருந்தது. கோவிந்தராஜின் கை கருத்துத் தடித்த கை. அந்தக் கையில் தங்கச் சங்கிலி மின்னினால் எப்படி இருக்கும் என்று மட்டும் நினைத்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது. விரலால் தங்க வாட்சைத் தொட்டேன்.

அவ்வளவுதான். யாரும் என்னை மிரட்டவில்லை, அதட்டவில்லை. கேட்டார்கள், தொட்டேன். அப்பா திருப்பிக் கொடுத்தனுப்ப, கருப்பு வாட்ச் புதன்கிழமை கப்பலோடு போயிற்று.

முருகன் கோயிலில் கல்யாணம். மந்திரம் சொல்லும்போது மாப்பிள்ளையின் கையைப் பிடித்து அப்பா வாட்சைக் கட்டிவிட்டார். முன்வரிசை எட்டிப் பார்த்தது. இவர் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். ஒரு நொடி முகத்தில் எதுவுமே இல்லை. பிறகு அப்பாவைப் பார்த்து, "நல்லா இருக்கு மாமா" என்றார். போட்டோவிலும் அந்த முகம் அப்படியே விழுந்திருக்கிறது. சிரிக்கிற மாதிரிதான் இருக்கும். எனக்கு மட்டும் தெரியும்.

பத்துபஸ்தியில் தகரக்கூரை வீடு ஒன்று பார்த்துக் குடித்தனம் வைத்தோம். மூன்றாவது மாதம் மெட்ராஸ் கப்பலில் அதேபோல இன்னொரு முங்கு வாட்ச் வந்திருக்கிறது என்று இவருக்குத் தெரிந்தது. தங்க வாட்சை எடுத்துக்கொண்டு பஜாருக்குப் போய், என்ன விலைக்கு எடுத்துக்கொள்வார்கள் என்று விசாரித்தார். விசாரிக்கத்தான் செய்தார். இந்த ஊரில் காலையில் பஜாரில் தும்மினால் மத்தியானம் மர மில்லில் கேட்கும். சாயங்காலம் அப்பா வந்துவிட்டார்.

"நான் சபையில போட்டதை நீ கடையில வைக்கிறியா? சோத்துக்கு வழியில்லேன்னா சொல்லு, அரிசி அனுப்புறேன். என் மானத்தை ஏன் விக்கிற?"

இவர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். உட்காருங்கள் மாமா, டீ குடியுங்கள் என்றார். டீயும் குடிக்காமல் அப்பா போனார். அதற்குப் பிறகு நடந்ததுதான் அசிங்கம். நான் அழுதேன். அப்பாவுக்காக அழுதேனா, வாட்சுக்காக அழுதேனா என்று இன்றைக்கும் தெரியவில்லை. இவர் கையை எடுத்து என் தலையில் வைத்து, விற்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கினேன்.

"சரி, விக்கல. அழுவாத" என்றார். "கயிறு இருக்கு, பாத்துக்கலாம்."

கயிறு ஏற்பாடு இதுதான். இடுப்பில் ஒரு கயிறு கட்டிக்கொண்டு இறங்குவார். மறுமுனை படகில் கூடவே வரும் இராமகிருஷ்ணன் கையில் இருக்கும். தங்க வாட்சையும் கழற்றி அவரிடம் கொடுத்துவிடுவார். இருபது நிமிஷமானதும் இராமகிருஷ்ணன் மூன்று தடவை இழுக்க வேண்டும், இவர் வேலையை விட்டுவிட்டு ஏறத் தொடங்க வேண்டும். இராமகிருஷ்ணன் இந்த ஊரிலேயே பிறந்தவர். அவருடைய தாத்தா கைதிக் கப்பலில் வந்தவர். ஒரு பீடிகூடக் குடிக்காத மனிதர். இவரை அவரைப்போல் கவனித்துக்கொண்ட ஆள் வேறு யாருமில்லை. அதில் என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

தினமும் காலையில் அவர் இவரைக் கூப்பிட வருவார். டிபன் டப்பாவைக் கொடுக்கும்போது நான் தவறாமல் ஒன்று சொல்வேன். "அண்ணே, வாட்ச் நனையாமப் பாத்துக்குங்க. தண்ணி பட்டா முலாம் போயிருமாம், அம்மா சொல்லுச்சு."

"ஃபிகர் மத் கரோ, கவலைப்படாத தங்கச்சி. என் உசிரு மாதிரி பாத்துக்கிறேன்" என்பார்.

உசிரு மாதிரி என்றார். யாருடைய உயிர் என்று நானும் கேட்கவில்லை, அவரும் யோசிக்கவில்லை.

அறுபத்தொன்பது ஜூன். மழைக்காலம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. அன்றைக்குக் காலையில் வானம் சுத்தமாக இருந்தது. நான் வழக்கம்போல டப்பாவைக் கொடுத்தேன், வழக்கம்போலச் சொன்னேன். பத்து மணிக்கு இவர் இறங்கியிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் மேற்கே கருத்துக்கொண்டு வந்து மழை கொட்டத் தொடங்கியது. காற்று வேறு. படகுக்குள் அலை ஏறியது. இராமகிருஷ்ணன் ஒரு கையில் கயிறும் ஒரு கையில் வாட்சுமாக இருந்தார். என் முகம் அவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது. டிபன் டப்பாவைத் திறந்து, சப்பாத்தி சுற்றியிருந்த எண்ணெய்க் காகிதத்தை எடுத்து வாட்சைச் சுற்றி, டப்பாவுக்குள் வைத்து, மூடியை இறுக்கி, தன் மழைக்கோட்டைக் கழற்றி அதன்மேல் போட்டாராம். அவர் நனைந்தார்.

வாட்சை மூடி வைத்தாயிற்று. இனி நேரத்தை எதில் பார்ப்பது? மனசுக்குள் எண்ணிக்கொண்டாராம். நடுவில் படகில் தண்ணீர் ஏறவே, தகரக் குவளையால் இறைக்க வேண்டியிருந்தது. எண்ணிக்கை விட்டுப் போயிற்று. மறுபடி ஆரம்பித்தார். இருபது ஆகியிருக்கும் என்று தோன்றியபோது மூன்று தடவை இழுத்தார். பிறகு டப்பாவைத் திறந்து பார்த்தார். மணி பத்து நாற்பத்தெட்டு.

சிலிண்டரில் காற்று தீர்ந்திருந்தாலாவது இவர் முன்னாலேயே ஏறியிருப்பார். அந்த மாதம்தான் காண்ட்ராக்டர் பெரிய ஜோடி சிலிண்டர் வரவழைத்துக் கொடுத்திருந்தார். கீழே பித்தளைக் குழாய் ஒன்றை அறுத்துக்கொண்டிருந்ததாகவும், கயிறு இன்னும் இழுபடவில்லையே, இருபது ஆகவில்லை போல என்று நினைத்ததாகவும் இவர் பிறகு சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார்.

ஏறி வந்தவர் முதலில் நன்றாகத்தான் இருந்திருக்கிறார். மழையைப் பார்த்துச் சிரித்து, சப்பாத்தி நனைந்துவிட்டதா என்று கேட்டாராம். கால் மணி நேரத்தில் பாதம் மரத்தது. கரைக்கு வருவதற்குள் இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் உண்மையைச் சொன்னார். இதற்கு மருந்து இல்லை, ஓர் இரும்பு அறை இருக்கிறது, ஆளை அதற்குள் வைத்துக் காற்றை ஏற்றி இறக்க வேண்டும், அது மெயின்லேண்டில்தான் இருக்கிறது, இன்றைக்கே வைக்க வேண்டும் என்றார். அடுத்த கப்பல் ஒன்பதாம் நாள் வந்தது. நாங்கள் ஏறவில்லை. ஏறி என்ன பயன் என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் இராமகிருஷ்ணன் என்னிடம் டிபன் டப்பாவைக் கொடுத்தார். உடம்பெல்லாம் இன்னும் நனைந்திருந்தது. அழுதுகொண்டே, "வாட்ச் உள்ள இருக்கு தங்கச்சி. ஒரு பொட்டுத் தண்ணி படல" என்றார்.

அவரை நான் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்காவது ஆறியிருக்கும். அவர் அதற்குப் பிறகு கடலுக்குப் போகவில்லை. பஜாரில் என்னைப் பார்த்தால் சந்துக்குள் திரும்பிவிடுகிறார்.

அப்பா வாரம் ஒருமுறை வருவார். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காருவார். ஒருநாள் இவர் கையிலிருந்த வாட்சைப் பார்த்து, "நல்ல கம்பெனி. இன்னைக்கு வரைக்கும் ஒரு நிமிஷம் பிசகல பாருப்பா" என்றார். அன்றைக்குத்தான் அவரைத் துப்புக்கெட்டவர் என்றேன். இன்னும் நிறையச் சொன்னேன். முன்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள், நாலு பேரைக் கூட்டிவந்து பாருங்கள் என்று இவர் காலின் மேலிருந்த போர்வையை விலக்கிக் காட்டினேன். அப்பா எழுந்து போனார். இவர் என்னைத்தான் கோபித்துக்கொண்டார். எல்லாம் சொல்லிவிட்டேன், ஒன்றை மட்டும் சொல்லவில்லை. தாம்பாளத்தில் தொட்டது என் விரல் என்று அப்பாவும் சொல்லிக்காட்டவில்லை, நானும் சொல்லவில்லை.

போன மாசம் இவரைக் கொல்லைப்புறம் தூக்கிவந்து ஸ்டூலில் உட்காரவைத்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். ஏழு வருஷமாகச் செய்கிற வேலை, கை பழகிவிட்டது. முதல் செம்புத் தண்ணீரை மொண்டபோது இவர் அவசரமாகக் கையை உயர்த்தினார்.

"இரு இரு. வாட்சைக் கழட்டிக்க. நனைஞ்சிரப் போகுது."

கழற்றினேன். என் உள்ளங்கையில் அது மின்னியது. முலாம் ஒரு இடத்தில்கூடப் போகவில்லை. இவரை நான் எத்தனை நன்றாகப் பழக்கிவிட்டேன் என்று தோன்றியது. எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ, வாளி நிறைய இருந்த தண்ணீரில் அதைப் போட்டேன். அடியில் போய்த் தகரத்தில் தட்டிய சத்தம் கேட்டது.

"ஜெயமணி!"

"சாகட்டும்" என்றேன். "அது நிக்கட்டும். நின்னதும் எடுக்கிறேன்."

இரண்டு பேரும் வாளிக்குள் குனிந்து பார்த்தோம். விநாடி முள் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. நிற்கும் நிற்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இவர் வெற்றுடம்போடு உட்கார்ந்திருந்தார். குளிர்கிறது என்று சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. வேறு வாளியில் தண்ணீர் பிடித்துவந்து குளிப்பாட்டி, துடைத்து, உள்ளே கொண்டுபோய்ப் படுக்கவைத்தேன். அடுப்பு வேலையைப் பார்த்தேன். மத்தியானம் சோறு போட்டேன். வாளியை நினைத்துக்கொண்டேதான் எல்லாவற்றையும் செய்தேன்.

மூன்று மணிக்குப் போய்ப் பார்த்தேன். வாட்ச் தண்ணீருக்கடியில் ஓடிக்கொண்டிருந்தது. எடுத்துத் துடைத்தேன். கண்ணாடிக்குள் ஓர் ஆவிகூட இல்லை. பக்கத்து வீட்டு ரேடியோ சொன்ன நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், நிமிஷம் தவறாமல் சரியாக இருந்தது. மழைக்குத் தாங்கும், கை கழுவினால் தாங்கும் என்று இவர் அன்றைக்கு அப்பாவிடம் சொன்னபோது கதவு மறைவில் நின்று கேட்டது எனக்கு அப்போதுதான் திரும்ப வந்தது.

இவர் கட்டிலில் கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தார். கட்டிவிட்டேன்.

"நின்னிருச்சா?"

"இல்ல" என்றேன். "அன்னைக்குப் படகில நனைஞ்சிருந்தாலும் நின்னிருக்காது."